மஞ்சள் சிவந்தால் அது சோப்பு: சுங்கை சிப்புட்டில் கிடைக்கும் வீட்டு ஷாம்பு கட்டிகள்

மலேசியா, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் வீட்டில் செய்த ஷாம்பு கட்டி வேண்டுமென்றால் மூன்று வழி இருக்கிறது: பாசார் மாலாம் (இரவுச் சந்தை) மேசை, வாட்ஸ்அப் குழுவில் விற்கும் ஏதாவது ஓர் அக்கா, இல்லாவிட்டால் சொந்த அடுப்பு. முதல் இரண்டு இடத்திலும் கட்டிகள் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். பச்சை என்றால் கறிவேப்பிலை, சிவப்பு என்றால் செம்பருத்தி, பழுப்பு என்றால் சீயக்காய். பழுப்புக் காகிதம், சணல் கயிறு, "இரசாயனம் கலக்காதது" என்று ஒரு வரி. விலை 10 வெள்ளிக்கும் உண்டு, 20 வெள்ளிக்கு மேலும் உண்டு. உள்ளே இருப்பது மட்டும் மூன்று வேறு ரகம்.

தலையை அலசுவது காகிதத்தில் படம் போட்ட பூ அல்ல. எண்ணெயையும் அழுக்கையும் தூக்கிக்கொண்டு போகிற அடிப்பொருள் எது என்று பார்க்க வேண்டும். அது மூன்றில் ஒன்றாக இருக்கும்: கடையில் வாங்கி உருக்கி ஊற்றிய கிளிசரின் சோப்பு, சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு எனும் காஸ்டிக் சோடா) போட்டுக் காய்ச்சாமல் செய்த எண்ணெய் சோப்பு, அல்லது எஸ்.சி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் போட்டுப் பிசைந்த கட்டி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நீளமுடி, எண்ணெய் வைக்கும் தலை, சாயம் போட்ட முடி, ரீபாண்டிங் செய்த முடி என எதுவானாலும் மூன்றாவது ரகம் மட்டுமே ஷாம்பு என்ற பெயருக்குத் தகும். இரண்டாவதுக்குச் சிறிய ஓர் இடம் உண்டு. முதலாவதைக் கைகழுவ வைத்துக்கொள்ளலாம்.

விற்பவரிடம் கேட்டால் எல்லாருமே "நேச்சுரல்" என்றுதான் சொல்வார்கள். கேட்காமல் தெரிந்துகொள்ள ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போதும். வெள்ளைத் தட்டில் மஞ்சளைக் கொட்டி இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழையுங்கள். கட்டியை நனைத்து, நுரை வந்ததும் அந்த நுரையை மஞ்சள்மேல் வையுங்கள். செங்கல் நிறமாகச் சிவந்தால் அது சோப்பு. மஞ்சள் மஞ்சளாகவே இருந்தால் எஸ்.சி.ஐ. போன்ற, சோப்பல்லாத வகை. ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவக்கிறதே, அதே வேதியியல்தான்: பி.எச். (அமில-கார அளவு) எட்டரையைத் தாண்டினால் மஞ்சளின் நிறம் மாறிவிடும். எண்ணெயும் சோடாவும் சேர்ந்த எந்தச் சோப்பும் பி.எச். 9 முதல் 10 வரை நிற்கும், அதைக் குறைக்க வழியில்லை. குறைத்தால் சோப்பு உடைந்து கொழுப்பு அமிலமாகப் பிரிந்துவிடும். உச்சந்தலைத் தோலின் பி.எச். 5.5 அளவில் இருப்பது. காரம் பட்டால் முடியின் மேல் செதில்கள் விரிந்து, ஒன்றோடொன்று மாட்டி, சீப்பு இறங்காமல் நிற்கும். சாயமும் அந்த விரிசல் வழியாகத்தான் சீக்கிரம் வெளியேறுகிறது.

உருக்கி ஊற்றிய ரகத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. கேக் சாமான் விற்கும் கடையிலும் இணையத்திலும் கிலோக் கணக்கில் கிடைக்கும் கிளிசரின் சோப்பு, மைக்ரோவேவில் உருக்கல், ஒரு கரண்டி சீயக்காய்த்தூள், அச்சு. அரை மணி நேர வேலை. விலை மட்டும் ஷாம்பு விலை. கிளிசரின் நிறைய இருப்பதால் நம் ஊர் ஈரத்தில் கட்டி மேலெல்லாம் முத்து முத்தாக வியர்க்கும். சிலர் இதில் கொஞ்சம் எஸ்.சி.ஐ. தூவி "இரண்டும் கலந்தது" என்று விற்கிறார்கள். காரத்தில் எஸ்.சி.ஐ. நாளாக நாளாக உடைந்துபோகும். கலந்த காசு வீண்.

சோடா போட்ட சோப்பு நேர்மையான கைத்தொழில். நன்றாகச் செய்தால் நல்ல சோப்பு. குழாய்த் தண்ணீரில் குளிக்கும், சாயம் போடாத, ஒட்ட வெட்டிய ஆண் தலைக்கு இது போதும். செய்ய நினைப்பவருக்கு இந்த ஊரில் கிடைக்கும் எண்ணெய்க்கு ஏற்ற அளவு: தேங்காய் எண்ணெய் 200 கிராம், செம்பனைச் சமையல் எண்ணெய் 200 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம். 5 விழுக்காடு எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சும்படி கணக்குப் போட்டால் சோடியம் ஹைட்ராக்சைடு 74 கிராம், தண்ணீர் 150 கிராம். கிணற்றுத் தண்ணீர் என்றால் தண்ணீரில் 10 கிராம் சிட்ரிக் ஆசிட் முதலில் கரைத்து, சோடாவை 80 கிராமாக ஏற்றுங்கள். சிட்ரிக் ஆசிட் தன் பங்குக்கு 6 கிராம் சோடாவைத் தின்றுவிடும் என்பதால் அந்தக் கூடுதல். அது சோடியம் சிட்ரேட்டாக மாறிச் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சோடாவைத் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும். அலுமினியச் சட்டி, அலுமினியக் கரண்டி பக்கத்திலேயே வரக்கூடாது. சோடா அலுமினியத்தை அரித்து, எளிதில் தீப்பிடிக்கிற ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் அல்லது தடிமனான பிளாஸ்டிக் பாத்திரம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, காற்றோட்டமான பின்வாசல், பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரம். அடைப்பு எடுக்க விற்கும் சோடா ஆப்பியை வாங்காதீர்கள். சிலவற்றில் அலுமினியத் துணுக்கு கலந்திருக்கும், தூய்மையும் தெரியாது. எண்ணெயும் கரைசலும் 40 பாகைக்கு இறங்கியதும் கலந்து, கை மிக்சியால் அடித்து, மேலே ஊற்றினால் கோடு நிற்கும் பதத்தில் அச்சில் ஊற்றுங்கள். இரண்டு நாளில் வெட்டலாம். 4 முதல் 6 வாரம் மின்விசிறிக் காற்றில் காய வேண்டும். சந்தையில் கிடைப்பதில் பாதிக் குறை இப்படிக் காயவைக்காததில்தான்: அவசரமாக விற்ற கட்டி இரண்டே வாரத்தில் குளியலறையில் கூழாகிவிடும்.

இன்னொரு விஷயம். 1 கிலோ பாக்கெட்டில் 2.50 வெள்ளிக்கு வரும் மானிய எண்ணெய் வீட்டுச் சமையலுக்காக அரசாங்கம் விலை தாங்கிக் கொடுப்பது. அதில் சோப்பு காய்ச்சி விற்பது சரியில்லை. விற்பனைக்குச் செய்பவர் போத்தல் எண்ணெயே வாங்கட்டும்.

சோப்பு ரகத்தைத் தலைக்குப் போட்டால் வினிகர் அலசல் கட்டாயம்: அரை லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர், தலையில் ஊற்றி ஒரு நிமிடம், பிறகு நல்ல தண்ணீர். அதைச் செய்யாதவர்களுக்குத்தான் முடியில் மெழுகு தடவியது போன்ற பிசுபிசுப்பு வருகிறது. "முடி பழகும்வரை ஒரு மாதம் அப்படித்தான் இருக்கும், பழைய ஷாம்பு விஷம் வெளியேறுகிறது" என்று சில விற்பனையாளர்கள் சொல்வது வெறும் கதை. எந்த விஷமும் வெளியேறவில்லை. தண்ணீரில் இருக்கும் கால்சியம், மக்னீசியத்தோடு சோப்பு சேர்ந்து கரையாத படிவமாக முடிமேல் உட்காருகிறது, அவ்வளவுதான். குழாயில் வருவது பெரும்பாலும் ஆற்று நீர், அதில் சுண்ணாம்பு குறைவு. ஆனால் செமோர் வழியாக ஈப்போ போகும்போது தெரிகிற கந்தான் குன்று முதல் கிந்தா பள்ளத்தாக்கு நெடுக நிற்பவை சுண்ணாம்புக் குன்றுகள். அந்தப் பக்கத்துக் கிணற்றில் சோப்புக் கட்டியால் தலை அலசினால் ஒரு மாதம் அல்ல, ஒரு வருடம் ஆனாலும் முடி பழகாது.

இனி எஸ்.சி.ஐ. கட்டி. இது தேங்காய்க் கொழுப்பிலிருந்து வரும் செயற்கைச் சலவைப்பொருள். "இரசாயனம் இல்லை" என்று விற்க முடியாது, விற்கவும் கூடாது. தோலுக்கு மிதமானது, சுண்ணாம்புத் தண்ணீரிலும் படிவம் கட்டாது, பி.எச். 5.5 முதல் 6.5 வரை வைத்துக்கொள்ளலாம். அதே மேசையில் "எஸ்.எல்.எஸ். (சோடியம் லாரில் சல்ஃபேட்) இல்லாதது" என்று விற்கும் சில கட்டிகளின் பொருள் பட்டியலில் சோடியம் கோகோ சல்ஃபேட் இருக்கும். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் அத்தனையையும் சேர்த்துச் செய்த சல்ஃபேட் அது. அதில் பெரும்பங்கு எஸ்.எல்.எஸ். தான். விலை மலிவு, நுரை அமோகம், வறண்ட தலைக்குக் கடுமை. போடுவதில் தப்பில்லை. இல்லை என்று எழுதுவதுதான் தப்பு.

வீட்டில் செய்ய, சாதாரண முடிக்கு 100 கிராம் கணக்கு இது: எஸ்.சி.ஐ. தூள் 58, திரவமாக வரும் துணைச் சலவைப்பொருளான கோகமிடோபுரோபில் பீட்டெய்ன் 18, ஸ்டியரிக் ஆசிட் 6, சீட்டைல் ஆல்கஹால் 5, முடியை மென்மையாக்கும் பி.டி.எம்.எஸ்.-50 (கண்டிஷனர் சில்லு) 4, தேங்காய் எண்ணெய் 3, கிளிசரின் 2, பாந்தெனால் 1, கட்டி கெடாமல் காக்கும் ஃபீனாக்சி எத்தனால் 1, வாசனை எண்ணெய் 1, பாதிக்குப் பாதி தண்ணீரில் கரைத்த சிட்ரிக் ஆசிட் 1. 100 கிராமாக மட்டும் செய்யாதீர்கள். பாத்திரத்தில் ஒட்டுவது போக மிஞ்சுவது குறைவு, சீக்கிரம் ஆறி இறுகியும் விடும். மூன்று மடங்காகச் செய்தால் ஏறக்குறைய 75 கிராம் கட்டி நான்கு வரும். தராசு 0.1 கிராம் காட்ட வேண்டும். சமையலறைத் தராசில் 1 கிராம் ஃபீனாக்சி எத்தனாலை நம்ப முடியாது, அதற்கு மேல்வரம்பே 1 விழுக்காடுதான்.

சீட்டைல் ஆல்கஹால் என்ற பெயரைப் பார்த்து யாரும் மிரள வேண்டாம். அது வெள்ளை மெழுகுச் சில்லு, போதைக்கும் அதற்கும் உறவில்லை. ஸ்டியரிக் ஆசிட் மட்டும் தாவர வகையா என்று கேட்டு வாங்குங்கள். மாட்டுக் கொழுப்பிலிருந்தும் அது வரும். இந்த நாட்டில் செம்பனையிலிருந்து எடுத்ததே எளிதாகக் கிடைக்கிறது. எஸ்.சி.ஐ. வாங்கும்போது 85 தரமா, 65 தரமா என்று கேட்பது இன்னும் முக்கியம். 65 என்றால் உள்ளேயே ஸ்டியரிக் ஆசிட் கலந்திருக்கும். அதன்மேல் நீங்கள் இன்னொரு 6 கிராம் போட்டால் கட்டி மெழுகுவர்த்தியாகி நுரையே வராது. 65 கிடைத்தால் அந்த 6 கிராமை எடுத்துவிட்டு அதற்கும் எஸ்.சி.ஐ. தூளையே போடுங்கள்.

தூளை அளக்கும்போது முகக்கவசம் போட வேண்டும், மின்விசிறியை அணைக்க வேண்டும். மூக்கில் ஏறினால் தும்மலும் தொண்டை எரிச்சலும் நிற்காது. எவர்சில்வர் கிண்ணத்தில் எஸ்.சி.ஐ. தூளையும் பீட்டெய்னையும் கலந்து, கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து மூடுங்கள். 15 முதல் 20 நிமிடம், இடையிடையே மரக்கரண்டியால் அழுத்தி மசிக்க வேண்டும், அடித்துக் கிளறக் கூடாது. அடித்தால் காற்றுக் குமிழி ஏறி, கட்டி பஞ்சாகி, சீக்கிரம் கரைந்துவிடும். வேறொரு கிண்ணத்தில் ஸ்டியரிக் ஆசிட், சீட்டைல் ஆல்கஹால், பி.டி.எம்.எஸ்., எண்ணெய் நான்கையும் 75 பாகைவரை உருக்கி, தெளிந்த பிறகு முதல் கிண்ணத்தில் ஊற்றிக் கிளிசரினும் சேர்த்துப் பிசையுங்கள். கொழுக்கட்டை மாவுப் பதம் வந்தால் சரி: விரலில் ஒட்டக் கூடாது, பிடித்தால் விரிசல் விடக் கூடாது. உதிர்ந்தால் அரை கிராம் அரை கிராமாகப் பீட்டெய்ன் விடுங்கள். ஒட்டினால் இன்னும் ஐந்து நிமிடம் மூடியைத் திறந்து வைத்தால் ஈரம் போகும்.

அடுப்பிலிருந்து இறக்கி, கையுறையோடு தொடக்கூடிய சூட்டுக்கு வந்ததும் பாந்தெனால், ஃபீனாக்சி எத்தனால், வாசனை எண்ணெய், சிட்ரிக் கரைசல். சூட்டோடு போட்டால் வாசனை ஆவியாகிவிடும், காசும் அதோடு போகும். பி.எச். பார்க்க 1 கிராம் சீவலை 9 கிராம் காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்து, அதில் பி.எச். தாளை நனையுங்கள். மோட்டார் கடையில் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் என்று போத்தலில் விற்பது அதற்குச் சரி. பேட்டரி ஆசிட்டை எடுத்து வந்துவிடாதீர்கள். 6.5க்கு மேல் காட்டினால் இரண்டு சொட்டு சிட்ரிக் கரைசல், மறுபடி பிசைவு, மறுபடி தாள். 5க்குக் கீழே இறக்க வேண்டாம், எஸ்.சி.ஐ. அமிலத்திலும் உடையும்.

பால்மரம் வெட்டும் வீடுகளில் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் கொல்லையில் இருக்கும். "அதுவும் ஆசிட்தானே" என்று அதைத் தொடக் கூடாது. அது தோலைச் சுட்டுக் கொப்புளிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிட்ரிக் ஆசிட் மளிகைக் கடையில் கிடைக்கும் மலிவான சாமான். எலுமிச்சைச் சாறும் அதற்கு மாற்றல்ல. சாற்றில் சர்க்கரையும் சக்கையும் இருப்பதால் கட்டி பூசணம் பிடிக்கும்.

அச்சுக்குச் செலவு செய்ய வேண்டாம். அகார்-அகார் அச்சு நன்றாகவே வேலை செய்யும். அதைவிட நல்லது மூன்கேக் அமுக்கி, கேக் சாமான் கடையில் கிடைக்கும். சூடு இருக்கும்போதே உருண்டை பிடித்து உள்ளே போட்டு அழுத்தினால் கட்டி கெட்டியாக, பூ வேலைப்பாட்டோடு வெளியே வரும். அழுத்திச் செய்த கட்டி, ஊற்றிச் செய்ததைவிட மெதுவாகக் கரையும். ஆனால் ஷாம்புக்கு எடுத்த அச்சு பலகாரத்துக்குத் திரும்பக் கூடாது. அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்து, கம்பிவலைமேல் 3 முதல் 5 நாள் காற்றில். மழை நாள் என்றால் ஒரு வாரம். வெயில் வேண்டாம், வாசனையும் எண்ணெயும் கெடும்.

எண்ணெய்த் தலைக்கு இந்த அளவு மாறும்: எஸ்.சி.ஐ. 62, பீட்டெய்ன் 18, ஸ்டியரிக் ஆசிட் 7, சீட்டைல் ஆல்கஹால் 4, பி.டி.எம்.எஸ். 2, கயோலின் வெள்ளைக் களிமண் 3, கிளிசரின் 1, ஃபீனாக்சி எத்தனால் 1, வாசனை 1, சிட்ரிக் கரைசல் 1. எண்ணெய் கிடையாது, பாந்தெனாலும் கிடையாது. தொப்பியும் தலைத்துணியும் கட்டிக்கொண்டு வெயிலில் வேலை செய்து தினமும் தலை அலசுகிறவர்களுக்கு இது பொருந்தும். தீபாவளிக்கும் சனிக்கிழமைக்கும் நல்லெண்ணெய் வைத்து ஊறுகிற தலைக்கும் இதுதான். அன்றைக்கு ஒரு தடவை போட்டு நுரையே வரவில்லை என்று கட்டியைக் குறை சொல்லக் கூடாது. முதல் தடவை எண்ணெயைத் தின்பதிலேயே சலவைப்பொருள் தீர்ந்துவிடும். லேசாகப் போட்டு அலசி, இரண்டாம் தடவை போட்டால் நுரை எழும். மற்ற நாளில் வறண்ட முடிக் கட்டி பயன்படுத்துபவர்கூட எண்ணெய்க் குளியலன்று இதற்கு மாறலாம்.

வறண்ட முடி, சுருட்டை முடி, ரீபாண்டிங் அல்லது சாயம் கண்ட முடிக்கு: எஸ்.சி.ஐ. 50, பீட்டெய்ன் 20, ஸ்டியரிக் ஆசிட் 6, சீட்டைல் ஆல்கஹால் 7, பி.டி.எம்.எஸ். 7, விளக்கெண்ணெயோ நல்லெண்ணெயோ 4, கிளிசரின் 2, பாந்தெனால், ஃபீனாக்சி எத்தனால், வாசனை, சிட்ரிக் கரைசல் ஒவ்வொன்றும் 1. பி.டி.எம்.எஸ். நேர்மின்னூட்டம் உள்ளது, எஸ்.சி.ஐ. எதிர்மின்னூட்டம் உள்ளது. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். 7 கிராம்வரை அந்த இழுபறி முடிக்கு மென்மையாக முடிகிறது. அதைத் தாண்டி 10, 12 என்று போனால் நுரை செத்து, முடிமேல் கனமான படலம் விழும். "அதிகம் போட்டால் அதிகம் மென்மை" என்று நினைத்துக் கெடுத்த கட்டிகள்தான் வீட்டுத் தயாரிப்பில் ஏராளம். மெல்லிய, தட்டையான முடிக்காரர்கள் இந்த ரகத்தைத் தவிர்க்க வேண்டும். காலையில் அலசினால் மதியம் எண்ணெய் வைத்தது போலத் தெரியும்.

பொடுகுக்கு இந்த மூன்றில் எதுவும் மருந்தல்ல. தலையில் வாழும் மலசீசியா என்ற பூஞ்சை, தோலின் கொழுப்பைத் தின்று வளர்வது. எண்ணெய் நிறைந்த கட்டி அதற்குத் தீனி போடும். எண்ணெய் இல்லாத இரண்டாவது அளவைப் பயன்படுத்தலாம், செதில் நிற்காவிட்டால் மருந்தகத்தில் 2 விழுக்காடு கீட்டோகோனசோல் ஷாம்பு கேளுங்கள். பேனுக்கும் இதே பதில்: கட்டியால் பேன் சாகாது, பேன்சீப்பும் மருந்தும்தான்.

சீயக்காய், செம்பருத்தி, கறிவேப்பிலை பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். சீயக்காயில் நுரைக்கும் சபோனின் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் கட்டியில் 2, 3 விழுக்காடு போடுவது பேருக்குத்தான். அதற்கு மேல் போட்டால் கட்டி உதிரும், தூள் முடிக்குள் மாட்டிக்கொண்டு தோளில் கொட்டும். போடுவதானால் மெல்லிய துணியில் சலித்த நைஸ் தூள் 2 கிராம். செம்பருத்தி இலையை அரைத்துச் சாறாக ஊற்றுவதுதான் பெரிய தவறு. நம் வேலியில் இருப்பது தேசிய மலரே ஆனாலும், பச்சைச் சாறு உள்ளே போனால் அந்த 1 கிராம் ஃபீனாக்சி எத்தனால் தாங்காது. சில வாரத்தில் கரும்புள்ளி தெரியும், அந்தக் கட்டி குப்பைக்கு. இலையை நிழலில் காயவைத்து, தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து வடிகட்டி, அந்த எண்ணெயைக் கணக்கில் வரும் 3 கிராமாகப் போடுங்கள். சந்தையில் இலைத் துணுக்கு கண்ணுக்குத் தெரியும் கட்டியை நான் வாங்க மாட்டேன்.

வாசனை எண்ணெய் விஷயத்தில் கை தாராளம் வேண்டாம். செராய் (எலுமிச்சைப்புல்), ரோஸ்மேரி எதுவானாலும் 1 விழுக்காடு மேல்வரம்பு, சின்னப் பிள்ளைகளுக்குச் செய்வதில் அதுவும் வேண்டாம், அந்த 1 கிராமுக்கு எஸ்.சி.ஐ. தூளே போதும். எரிச்சல், அரிப்பு வந்தால் முதலில் வாசனையைச் சந்தேகியுங்கள், அடுத்து பீட்டெய்னை. சிலருக்குப் பீட்டெய்ன் ஒவ்வாது. காதுக்குப் பின்னால் நுரையை வைத்து அலசி, ஒரு நாள் பார்த்துவிட்டுத் தலைக்குப் போடுவது நல்லது.

தேய்க்கும் விதத்திலும் கட்டியின் பெயர் கெடுகிறது. முடியின் நீளத்துக்குக் கட்டியை மேலும் கீழும் இழுக்காதீர்கள், சிக்கு விழும். இடுப்புவரை முடி இருப்பவர்கள் நனைத்த கைகளில் பத்துப் பதினைந்து உருட்டு உருட்டி, அந்த நுரையை வகிடு வகிடாக உச்சந்தலையில் வைத்து விரல்நுனியால் தேய்க்க வேண்டும். நுனிமுடிக்கு அலசும்போது இறங்கி வரும் நுரையே போதும். தொட்டித் தண்ணீரைக் கோப்பையால் மொண்டு குளிப்பவர்கள் குனிந்து, பிடரிப் பக்கமிருந்து அலசுங்கள். அங்கேதான் மிச்சம் தங்கி அடுத்த நாள் அரிக்கும். ஒட்ட வெட்டிய தலையில் நேராக மூன்று இழுப்பு போதும்.

விலைக்கு வருவோம். கட்டி எத்தனை வெள்ளி என்று பார்க்காமல் கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள். 15 வெள்ளிக்கு 50 கிராம் கொடுப்பவரும் இருக்கிறார், 90 கிராம் கொடுப்பவரும் இருக்கிறார். எடை எழுதாத கட்டியை விட்டுவிடலாம். பொருள் பட்டியல் எழுதாததையும் அப்படியே. இந்த நாட்டில் ஒப்பனைப் பொருள் விற்க, 1984ஆம் ஆண்டு மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகளின்படி என்.பி.ஆர்.ஏ. என்ற தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அறிவிப்பு எண் பெற வேண்டும். அந்த எண் என்.ஓ.டி. என்ற மூன்று எழுத்தில் தொடங்கும், அவர்களுடைய இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். உங்கள் வீட்டுக்கு நீங்களே செய்துகொள்வதற்கு எண் தேவையில்லை, விற்பதற்குத் தேவை. காகிதத்தில் "முடி உதிர்வை நிறுத்தும்" என்று எழுதியிருந்தால் அந்த மேசையைத் தாண்டிப் போங்கள். தலை அலசும் பொருளுக்கு அப்படிச் சொல்ல அனுமதி கிடையாது.

வீட்டில் செய்வது லாபமா? ஒரு தடவைக்கு என்றால் இல்லை. எஸ்.சி.ஐ., பி.டி.எம்.எஸ்., தராசு, தாள் எல்லாம் சேர்த்துப் போட்ட காசு, நான்கு கட்டியில் திரும்பாது. மூன்று நான்கு வீடு சேர்ந்து வாங்கிப் பங்கிட்டால் கணக்கு சரியாகும். தனி ஆளாக இருந்தால், பட்டியலில் எஸ்.சி.ஐ. முதலில் எழுதி, எண்ணும் எடையும் போட்டு விற்பவரிடம் வாங்கிக்கொள்வதே மேல்.

வாங்கினாலும் செய்தாலும் வைக்கும் இடம் ஒன்றுதான் கேள்வி. தண்ணீர் தேங்கும் சோப்புப் பெட்டியில் எந்தக் கட்டியும் ஒரு வாரம் தாங்காது. காய்ந்த பீர்க்கங்காய் நாரை இரண்டு விரல் கனத்துக்கு வட்டமாக வெட்டி அதன்மேல் வையுங்கள், தண்ணீர் வடிந்துவிடும். புதிய கட்டியை இரண்டாக வெட்டி, பாதியை மூடிய டப்பாவில் அலமாரியிலும் மற்றப் பாதியைக் குளியலறையிலும் வைத்தால் மொத்தக் கட்டியும் நனைந்து கரைவது மிச்சம். குடும்பத்தில் நான்கு பேர் அடுத்தடுத்துக் குளிக்கும் வீட்டில் ஆளுக்கொரு துண்டு வேண்டும், ஒரே கட்டி காயவே நேரம் கிடைக்காது. கடைசியில் மிஞ்சும் சில்லைத் தண்ணீரில் ஊறவைத்துப் போத்தலில் திரவ ஷாம்பாக வைக்கச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். கட்டிக்கு அளந்து போட்ட ஃபீனாக்சி எத்தனால் அத்தனை தண்ணீருக்குப் போதாது, சில நாளிலேயே நாற்றமெடுக்கும். சில்லை நனைத்துப் புதுக் கட்டியின் முதுகில் ஒட்டிவிடுங்கள், மறுநாள் இரண்டும் ஒன்றாகியிருக்கும்.